ஏழாவது ஷிப்ட்

“அந்தச் சந்தனக் கார்டைத் தூக்கிப் போட்டுட்டு வேற கார்டு குத்தணும் சார்.”

மலையம்மாள் குரலை உயர்த்திக்கூடச் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை, என்னவென்று பார்க்கணும் என்பதுபோலத்தான் சொன்னாள். ஆனாலும், ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பிலோமினாள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தது தப்பு என்பதுபோல உடனே குனிந்தும்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே மலையம்மாளுக்குச் சொல்லியிருந்தார்கள். லீவு கேட்கலாம். அட்வான்ஸ் கேட்கலாம். உசிலம்பட்டி பஸ் பஞ்சராகிவிட்டது என்று வாரம் ஒருமுறை பொய்கூடச் சொல்லலாம். புரோகிராமர் சீதாராமன் சாரிடம் அந்த ஒரு கார்டை மாற்றச் சொல்லி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

சீதாராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பட்டு அங்கவஸ்திரத்தில் துடைத்தார். தங்கை மகள் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னே?”

“சந்தனம் காய்ஞ்சு உதிர்ந்து ரீடருக்குள்ள விழுது சார். பின்னாடி வர்ற கார்டெல்லாம் சிக்கிக் கிழியுது. கிழிஞ்சதைத் திரும்பக் குத்துறதும் நான்தான், திட்டு வாங்குறதும் நான்தான்.”

“இந்த மிஷினைத் தொறந்த அன்னிக்கு வச்ச பொட்டும்மா அது. மொதலாளி எதிர்ல உட்கார்ந்துண்டு பார்க்கறச்சே வச்சது. ஒரே ஓட்டத்துல லிஸ்ட் வந்ததா இல்லையா? சும்மாவா வந்தது?”

“புரோகிராம் சரியா இருந்துச்சு, வந்துச்சு.”

சீதாராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அதான். சரியா இருந்தது” என்றார். பிறகு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, “என் புரோகிராம்ல ஒரு கார்டுகூட ரெண்டாந்தரம் குத்தச் சொல்லிப் பஞ்ச் செக்‌ஷனுக்குப் போனதில்லே. ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுக்கோ” என்றார்.

அது உண்மைதான். மலையம்மாள் பஞ்ச் செக்‌ஷனில்தான் இருந்தாள். சீதாராமன் தாம் எழுதிய எதையும் மாற்றி அங்கே யாரும் பார்த்ததில்லை.

சமயநல்லூரைத் தாண்டி, ரோட்டைப் பார்த்தபடி நிற்கும் நூற்பாலை அது. முந்தின வருஷம்தான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பீரோக்களை வரிசையாக நிறுத்திவைத்த மாதிரி இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசிக்காக என்று எஞ்சினியர் சொல்லிவிட்டுப் போனார். சாமிக்காக என்று மில்லில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு.

அந்த மிஷின் மாதாமாதம் செய்த முக்கியமான வேலை, ஷிப்ட் பட்டியல் அச்சடிப்பது. தொழிலாளி ஒருவனுக்கு ஒரு அட்டை. அட்டையில் கட்டம் கட்டமாக இடம். டோக்கன் நம்பர், பெயர், எந்த டிபார்ட்மெண்ட், எந்த ஷிப்ட், வயசு, பிள்ளைகள் எத்தனை என்று எல்லாமே ஓட்டைகளாகக் குத்தியிருக்கும். ஓட்டை இருந்தால் எண். ஓட்டை இல்லாவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லை என்று மிஷின் நினைத்துக்கொள்ளும். அதற்குத் தானாக ஒரு புத்தியும் கிடையாது. எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் ஒரு கார்டு சொல்ல வேண்டும். இத்தனை கட்டம் படி, இத்தனை கட்டம் தாண்டு, அப்புறம் ஒரு கட்டம் படி. எக்ஸ்பிரஸ் பஸ் எந்தெந்த ஸ்டாப்பில் நிற்காது என்று கண்டக்டர் டிரைவருக்குச் சொல்லிவிடுவது மாதிரி. அதற்கு ஃபார்மட் கார்டு என்று பெயர். அட்டைக் கட்டுக்கு மேலே, முதல் ஆளாக உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கார்டில்தான் சந்தனம். திறப்பு விழாவன்று முதலாளி குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்க, சீதாராமன் அதில் பொட்டு வைத்தார், பட்டனை அமுக்கினார், பட்டியல் பிசகில்லாமல் வந்து விழுந்தது. முதலாளி தம் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சீதாராமன் கையில் கட்டிவிட்டார். அன்றிலிருந்து மாதம் பிறந்தால் பழைய பொட்டின் மேல் புதுப் பொட்டு. தீக்குச்சி முனையில் சந்தனத்தைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு நூல் விலகாமல் அதே இடத்தில் வைப்பார். மேலே குங்குமம். மில்லின் மேனேஜர் சொக்கநாதன் இந்த பக்தியைப் பற்றிக் கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

மலையம்மாளுக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். கணக்கில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, யாரோ எழுதியதை ஓட்டையாகக் குத்திக்கொண்டிருந்தாள். சாயங்காலங்களில் தானாகவே ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் பாஷையைப் படித்து, மிஷின் ரூமுக்குள் நுழையும் உரிமையையும் சண்டை போட்டுத்தான் வாங்கியிருந்தாள். உசிலம்பட்டியில் மாட்டுத் தரகு பார்த்த அவள் அப்பா அவளுக்கு ஒரு கெடு வைத்திருந்தார். தைக்குள் புரோகிராமர் ஆனால், அத்தை மகன் பேச்சை எடுக்க மாட்டார். ஆகாவிட்டால், அத்தை மகன்தான். அத்தை மகனுக்கு இரண்டு லாரியும் ஒரு மீசையும் உண்டு. அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல அவளுக்கு எதுவும் இல்லை.

அன்று வழி திறந்தது. “சீதாராமன் கல்யாணத்துக்குப் போறார். இந்த மாசப் பட்டியலை நீயே ஓட்டு. சாயங்கால சங்குக்குள்ள சரியா வந்துட்டா, திங்கக்கிழமை உனக்கு அசிஸ்டெண்ட் புரோகிராமர் ஆர்டர்” என்று சொக்கநாதன் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

சீதாராமன் வாசல்வரை போய்த் திரும்பினார். “கட்டை ரீடர்ல வை. பட்டனை அமுக்கு. வேற எதையும் தொடாதே. சந்தனம் இப்பத்தான் புதுசா வச்சிருக்கேன், கெட்டியா.”

கெட்டியாகத்தான் இருந்தது. அவருடைய ஜீப் திருவாதவூர்ப் பக்கம் திரும்பியிருக்குமோ என்னவோ, ரீடர் அந்த முதல் கார்டை வாயில் வாங்கியது, கடித்தது, விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் நின்றது. மலையம்மாள் இழுத்தாள். கார்டு கசங்கி, ஒரு ஓரம் கிழிந்து கையோடு வந்தது.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் வருத்தப்பட்டாள் என்றும் சொல்ல முடியாது.

ஈரத்துணியால் சந்தனத்தையும் குங்குமத்தையும் வழித்தெடுத்தாள். ஒரு வருஷத்துச் சந்தனம். கார்டை நீவி நிமிர்த்தி, ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்து, அதே இடத்தில் அதே ஓட்டையாகப் புதுக் கார்டில் குத்தினாள். பழையதை நனைந்தது நனைந்தபடி குப்பைக் கூடையில் போட்டாள். பிலோமினாள் கூடையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பாப்பா, சார் வரட்டுமே.”

“சார் வந்து என்ன அக்கா செய்யப்போறாரு? பொட்டால ஒண்ணும் ஆகாது.”

ஆகவில்லை. புதுக் கார்டு வெண்ணெய் மாதிரி உள்ளே போனது. பிரிண்டர் கடகடவென்று பட்டியலைத் தள்ளியது. பத்திகள் நேராக நின்றன. ஒரு இடத்திலும் கோணலில்லை. ‘இதுக்காய்யா ஒரு வருசமா சந்தனம் அரைச்சீங்க?’ என்று நினைத்துக்கொண்டே, அதைச் சுருட்டி டைம்கீப்பர் மருதுவிடம் கொடுத்தாள். அவன் அதை வாசல் போர்டில் ஒட்டினான்.

கொஞ்ச நேரத்தில் மருது ஓடி வந்தான். செருப்பைக் கழற்ற மறந்து, பாதி உள்ளே வந்து, திரும்பப் போய்க் கழற்றிவிட்டு வந்தான்.

“தங்கச்சி, இந்த மில்லுல எத்தனை ஷிப்ட்டு?”

“மூணு. ஏண்ணே?”

“அப்ப ஏழாவது ஷிப்ட்டு எத்தனை மணிக்கு?”

“ஏழாவதா?”

“யூனியன் வீரணனுக்கு ஏழாவது ஷிப்ட்டுன்னு போட்டிருக்கு. அவரு வாசல்ல நிக்கிறாரு. காளைக்கு அஞ்சாவது. ரிங் ஃபிரேம் டிபார்ட்மெண்ட்ல இருக்கிற இளவட்டப் பயலுகளுக்கெல்லாம் சைபர் போட்டிருக்கு. சைபர்னா வீட்டுலயே கிடக்கலாமா மாப்ளன்னு ஒருத்தனுக்கொருத்தன் கை குடுத்துக்கிறானுக!”

மலையம்மாள் கட்டை எடுத்துப் பார்ப்பதற்குள் சொக்கநாதன் வந்துவிட்டார். அவர் வந்தால் அவருக்கு முன்னால் அவருடைய விபூதி வாசனை வரும்.

“என்னம்மா இது, ஏழு?”

“பார்க்கிறேன் சார். எங்கிருந்து வருதுன்னு—”

“எங்கிருந்தோ வரட்டும். சங்கு ஊதப்போகுது. மூணுக்கு மேல வரக் கூடாது. சைபரும் வரக் கூடாது. அவ்வளவுதான் நமக்கு வேணும்.”

“காரணம் தெரியாம மாத்தினா—”

“ஆர்டர் வேணுமா, காரணம் வேணுமா?”

மலையம்மாளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. ஆனால் திங்கட்கிழமை கண்முன் நின்றது. அதற்குப் பின்னால் இரண்டு லாரியும் ஒரு மீசையும் நின்றன. இரண்டு கார்டு எழுதிக் குத்தினாள். மூன்றுக்கு மேல் வந்தால் மூன்று என்று போடு. சைபர் வந்தால் ஒன்று என்று போடு. மறுபடி ஓட்டினாள். எல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடக்க ஒடுக்கமாக வந்தது.

சொக்கநாதன் பட்டியலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “பார்த்தியா? பேசாமச் செஞ்சா எல்லாம் நடக்கும்.”

பழைய பட்டியலின் பக்கத்தில் புதுப் பட்டியலை மருது ஒட்டினான். முதல் பட்டியல் வெறும் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாவதில் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒழுங்கு இருந்ததால் அதற்கு அர்த்தமும் இருக்க வேண்டும் என்று வீரணன் யோசிக்க ஆரம்பித்தார். கறுப்புச் சட்டை போட்டவர்; எதையும் யோசிக்காமல் விடுவதில்லை. சைக்கிள் ஸ்டாண்டின் திண்டில் ஏறி நின்றார்.

“தோழர்களே! பட்டியலை நல்லாப் பாருங்க. கல்யாணமாகாதவன் அம்புட்டுப் பேருக்கும் பகல் ஷிப்ட்டு. மூணு பிள்ளைக்கு மேல பெத்தவன் அம்புட்டுப் பேருக்கும் நைட்டு. இது தற்செயலா?”

“இல்ல!” என்றது கூட்டம்.

“போன ஆட்சியில ஆளைப் பிடிச்சு வேன்ல ஏத்தி ஆப்பரேசன் பண்ணாங்க. அது செல்லலைன்னதும் இப்பக் கம்ப்யூட்டரைக் கொண்டாந்துட்டாங்க! பிள்ளகுட்டிக்காரன் ராத்திரி வீட்டுல இருந்தாத்தானே அடுத்த பிள்ளை பிறக்கும்? அதான் ராத்திரி பூரா நூலு நூக்கச் சொல்லுது நிர்வாகம்! இதை விடலாமா?”

“விடக் கூடாது!”

“அண்ணே, எனக்கு ரெண்டுதான். நான் போகலாமா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். அவனை உட்கார வைத்தார்கள்.

இதற்குள் மலையம்மாள் மிஷின் ரூமில் வீரணனின் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டாள். ஷிப்ட் கட்டத்தில் இரண்டு என்றுதான் குத்தியிருந்தது. அவளே குத்தியது. ஏழு அங்கே இல்லை. பத்துக் கட்டம் தள்ளி இருந்தது. அது பிள்ளைகள் எத்தனை என்ற கட்டம். மிஷின் பிள்ளைக் கணக்கைப் படித்து அதையே ஷிப்ட் என்று அச்சடித்திருந்தது.

ஏன் பத்துக் கட்டம் தாண்டிப் போனது? ஃபார்மட் கார்டை எடுத்தாள். ஒன்றுக்கு ஒரு ஓட்டை, பக்கத்தில் இரண்டுக்கு ஒரு ஓட்டை: பன்னிரண்டு கட்டம் தாண்டு என்று அது சொன்னது. இரண்டு கட்டம் தாண்டினாலே ஷிப்ட் வந்துவிடும். பன்னிரண்டு தாண்டினால் பிள்ளைகள்தான் வருவார்கள். மிஷின் சொன்னபடி கேட்டிருக்கிறது. ஆனால் பழைய கார்டிலும் பன்னிரண்டுதான் இருந்தது. ஓட்டைக்கு ஓட்டை பார்த்துத்தானே குத்தினாள்? அப்படியானால் ஒரு வருஷமாக இது எப்படிச் சரியான பட்டியலைப் போட்டது?

குப்பைக் கூடையைப் பார்த்தாள். பிலோமினாள் அதைக் கொட்டிக் கழுவி வைத்திருந்தாள்.

வெளியே சத்தம் கூடியது. காரணம் பிறகு இருக்கட்டும், உள்ளதைச் சொல்லிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று மலையம்மாள் நினைத்தாள். உள்ளதைச் சொன்னால் தீரும் என்று நினைக்கிற வயசு. நேராக வாசலுக்குப் போனாள்.

“அண்ணே, கொஞ்சம் கேளுங்க. நிர்வாகம் ஒண்ணும் பண்ணல. மிஷின் கட்டம் மாத்திப் படிச்சிருச்சு. முதப் பட்டியல்ல இருக்கிறது ஷிப்ட்டே இல்ல. அவங்கவங்க பிள்ளைக எத்தனைங்கிறதுதான் அது.”

வீரணன் முகம் தெளிந்தது. “அப்பச் சரி. என் ஏழு பிள்ளைகளும் அசல்” என்று கீழே இறங்கப்போனார்.

“அஞ்சா?”

கழிவுப் பஞ்சுப் பகுதியில் வேலை பார்த்த ராமக்காள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்டது மலையம்மாளை அல்ல. கூட்டத்தில் குனிந்து நழுவிக்கொண்டிருந்த தன் புருஷன் காளையை.

“உமக்கு அஞ்சுன்னு போட்டிருக்கு. எனக்குத் தெரிஞ்சு நம்ம வீட்டுல மூணுதான் திங்குது. மத்த ரெண்டும் எந்த ஊருல இருக்கு?”

“ஏய், மெதுவாப் பேசு. ஊருலயும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“மிஷினு பொய் சொல்லுதாக்கும்?”

“நான்தான் சொன்னேன் பொய்! மில் ஸ்டோர்ல பிள்ளைக்கு இம்புட்டுன்னு கோதுமை போட்டாங்கள்ல, அதுக்காக ரெண்டு பிள்ளையைச் சேர்த்து எழுதிக் குடுத்தேன். போதுமா?”

கூட்டம் சிரித்தது. காளையும் பிழைத்துவிட்ட மாதிரி சிரித்தான். ராமக்காள் சிரிக்கவில்லை.

“அப்ப அந்தக் கோதுமை எங்கய்யா போச்சு?”

காளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தான். ஆனால் அந்தக் கேள்வி மற்ற பெண்களுக்கு ஒரு வழி காட்டியது. வேலைக்கு வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் போர்டை நோக்கி நகர்ந்தார்கள். ஆண்கள் அவர்களை முந்திக்கொண்டு நகர்ந்தார்கள். பஞ்சு அடிக்கும் பிளோ ரூம் ஆள் ஒருவன் முதல் பட்டியலைக் கிழித்து வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டான். அவனுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியும் பட்டியலில் சைபர். அதை யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்தானோ, வேறென்னவோ. சங்கு ஊதியது. யாரும் உள்ளே போகவில்லை. மில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்று, ரோட்டில் போகிற மாட்டு வண்டிச் சத்தம் ஆபீஸுக்குள் கேட்டது.

சொக்கநாதன் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த எல்லாச் சாமிகளையும் வரிசையாகப் பார்த்தார்.

“உள்ளதைச் சொல்லச் சொல்லி உங்கிட்ட யாரும்மா கேட்டா?” என்றார், ஈனஸ்வரத்தில்.

அந்த நேரத்துக்குச் சீதாராமன் வந்து சேர்ந்தார். வாயில் கல்யாண வெற்றிலை. கையில் தேங்காய்ப் பை. வாசல் கூட்டத்தைப் பார்த்ததும் வெற்றிலையை மென்று முடிக்காமலே துப்பிவிட்டு மிஷின் ரூமுக்குள் ஓடினார். ரீடரில் முதல் கார்டு வெள்ளை வெளேரென்று நின்றது.

“பொட்டை அழிச்சியா?”

“சிக்கிக் கிழிஞ்சிருச்சு. வேற குத்தினேன். அப்படியே, ஒரு ஓட்டை பிசகாம.”

“ஒரு ஓட்டை பிசகாம…” சீதாராமன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “எல்லாத்தையும் குத்திட்டியா?”

“ஆமா. ஏன் சார், அதுல பன்னெண்டு கட்டம்னு இருக்கே—”

“பேசாதே! தெய்வக் குத்தம் பண்ணிட்டு எதிர்ல நின்னு பேசறா பாருங்கோ!” என்று அவர் சொக்கநாதன் பக்கம் திரும்பினார். “எல்லாரும் கண்ணாடிக்கு அந்தண்டை போங்கோ. பிலோமினா, சந்தனம்!”

பிலோமினாள் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். சீதாராமன் எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றார். தீக்குச்சியால் தொட்டார், மூச்சைப் பிடித்தார், வைத்தார், ஊதி உலரவிட்டார். குங்குமம் வைத்தார். மலையம்மாள் எழுதிய இரண்டு கார்டுகளையும் விரல்நுனியில் பிடித்துத் தூக்கி அப்பால் போட்டார். பட்டனை அமுக்கினார்.

பட்டியல் வந்தது. வீரணன், ரெண்டாவது ஷிப்ட். காளை, முதல் ஷிப்ட். போன மாதத்தைப் போல, அதற்கு முந்தின மாதத்தைப் போல, எல்லாம் சரி.

கண்ணாடிக்கு வெளியே நின்ற கூட்டத்தில் ஒரு பெரிய மூச்சு கிளம்பியது. சொக்கநாதன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். மருது கன்னத்தில் போட்டுக்கொண்டான். வீரணன், “எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது” என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னார். சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத நேரமாகக் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மலையம்மாள் ஒருத்திதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதே கார்டு. அவள் குத்திய அதே ஓட்டைகள். ஒரு துளிச் சந்தனம் எப்படிப் பத்துக் கட்டத்தை இழுத்துக்கொண்டு வரும்? ஒரு காரணம் இருக்கிறது. இருந்துதான் ஆக வேண்டும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“சார், அந்தக் கார்டைக் கொஞ்சம் குடுங்க. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கணும்.”

சீதாராமன் கார்டை மார்போடு அணைத்துக்கொண்டார். “பார்த்தேளா சார்? பார்த்தேளா?”

“மலையம்மா!” என்றபடி பின்னாலேயே உள்ளே வந்தார் சொக்கநாதன். கோபமாக இல்லை, பெரிய ஆபத்திலிருந்து தப்பியவருடைய தாராளத்தில் இருந்தார். “நடந்தது நடந்துபோச்சு. நான் வாக்குக் குடுத்தா மாறமாட்டேன். திங்கக்கிழமை உனக்கு ஆர்டர் உண்டு. ஒண்ணே ஒண்ணுதான். மாசம் பொறந்தா நீ குளிச்சிட்டு வந்து உன் கையால இந்தப் பொட்டை வை. சார் எடத்தைக் காமிப்பார். எதுக்கு, ஏன்னு மட்டும் கேட்காதே.”

சீதாராமன் முகத்தில் ஏதோ ஓடியது. “அது… நானே வச்சுக்கறேனே” என்றார்.

மலையம்மாள் மிஷினைப் பார்த்தாள். திங்கட்கிழமை இதோ, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மிஷின் ரூம், தன் பெயரில் ஒரு மேஜை, வாயை மூடிக்கொண்ட அப்பா, லாரியோடு திரும்பிப் போகும் அத்தை மகன். எல்லாம் ஒரு பொட்டுக்கு அந்தப் பக்கம்.

“வேணாம் சார்.”

“என்னது?”

“எதைக் கும்பிடுறோம்னு பார்க்க விடாத இடத்துல எனக்கு வேலை வேணாம். கோயம்புத்தூர்ல என்கூடப் படிச்ச ஆனிமேரி இருக்கா. அவ ஆபீஸ்ல ஆள் கேட்கிறாங்கன்னு ரெண்டு மாசமாச் சொல்றா. நாளைக்குப் போறேன்.”

“ஏம்மா, ஒரு பொட்டு. வச்சிட்டுப் போயேன்.”

“அதைத்தான் நானும் கேட்டேன். ஒரு பொட்டு. எடுத்துட்டுக் காட்டுங்களேன்.”

சீதாராமன் கார்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே வந்து, செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டாள். உள்ளே சொக்கநாதன் கற்பூரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவிடம் என்ன சொல்வது என்பதுகூடத் தீர்மானமாகிவிட்டது. லாரி எதற்கு, கோயம்புத்தூருக்கு பஸ்ஸே போகிறது என்று சொல்லிவிடலாம்.

மில் கேட்டை நோக்கி நடந்தாள். பின்னால் திடுதிடுவென்று பிலோமினாள் வந்தாள். கையில் இன்னும் சந்தனக் கிண்ணம்.

“பாப்பா, நெசமாவே போறியா?”

“போறேன் அக்கா.”

“திரும்ப வர மாட்டியே?”

“மாட்டேன்.”

பிலோமினாள் கண்ணாடி அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு மலையம்மாளின் நடைக்கு ஈடுகொடுத்தபடி, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

“அப்ப உங்கிட்டச் சொன்னா என்ன, நீதான் போறியே! சாமிக்கா வச்சாரு அதை? மிஷினு தொறந்த அன்னைக்கு, ‘ஒரு ஓட்டை கூடுதலாக் குத்திப்புட்டேன், மொதலாளி வந்து உக்காந்துட்டாரு, அடைக்க ஏதாச்சும் இருக்கா’ன்னு வேர்த்து விறுவிறுத்து ஓடியாந்தாரு, எம்மகன் வேனக்கட்டிக்கு ஒரசி வச்சிருந்த சந்தனத்தைத்தான் நான் எடுத்துக் குடுத்தேன்!”